கல்லும் பஞ்சும் பனிக்கட்டியும்

தலைமையாசிரியை அறையில் ஃபினாயில் வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் ஒன்றாக அடித்தன. அம்மா என் வலது பக்கம் நின்றிருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டாள். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அவள் முழங்கை என் தோளில் உரசிக்கொண்டே இருந்ததில் அது தெரிந்தது.

"பொண்ணு நல்லாப் படிக்குதுன்னு விடுதியில எழுதிக் குடுத்திருக்காங்க. சேத்துக்கறோம்மா," என்றார் தலைமையாசிரியை. "தமிழ், இங்கிலீஷ், வரலாறு எல்லாம் கிளாஸ்ல உக்காந்து கேக்கட்டும். சயின்ஸ் பீரியட்ல மட்டும் தையல் ரூமுக்குப் போயிடட்டும்."

"சரிங்க டீச்சர்," என்றாள் அம்மா. சேர்த்துக்கொள்கிறோம் என்ற சொல்லுக்கு மேல் அவள் காதில் எதுவும் விழுந்திருக்காது.

"ஏன் டீச்சர்?" என்று நான் கேட்டேன்.

அம்மா என் கையைக் கிள்ளினாள்.

"சயின்ஸ்னா படம் பாக்கணும், படம் போடணும், சோதனை செஞ்சு காட்டணும். உனக்கு எதுக்கும்மா அந்தக் கஷ்டம்? பார்வை இல்லாத பிள்ளைங்களுக்கு சயின்ஸ் வேணாம்னு விட்டுடறது வழக்கம்தான்."

அவர் கெட்டவர் இல்லை. என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். கோபத்தோடு சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். இரக்கத்தோடு எப்படிச் சண்டை போடுவது என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

கண் தெரியாதவர்களுக்கான விடுதிப் பள்ளியில் எட்டாவது முடித்து நான் ஊர் திரும்பியதைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். பிறகு திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாவது சேர்ந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் அவரவர் அறிந்த அளவில் எனக்கு நல்லதே நினைத்தார்கள்.

தையல் அறையின் சுவர்

தையல் அறைக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான். அதன் உச்சியில், காற்றுக்காக இரண்டு மூன்று ஓட்டைச் செங்கல் வைத்துக் கட்டியிருந்தார்கள். சயின்ஸ் பீரியடில் நான் அந்தச் சுவரை ஒட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வேன். பக்கத்தில் தையல் மிஷின்கள் தடதடக்கும். அவை ஓய்கிற இடைவெளியில் திலகவதி டீச்சரின் குரல் அந்த ஓட்டைகள் வழியாக விழும்.

திலகவதி டீச்சருக்குக் கணீரென்ற குரல். பாடம் நன்றாக நடத்துவார். ஆனால் நல்ல இடம் வரும்போதெல்லாம், "இந்தப் படத்தைப் பாருங்க," என்பார். அப்புறம் சாக்பீஸ் கீச்சிடும் சத்தம். பிள்ளைகள் நோட்டில் வரையும் அமைதி. அந்த அமைதிக்குள்தான் பாடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் அப்படித்தான் சூரியக் குடும்பம் நடந்தது. சூரியனைச் சுற்றி ஒன்பது கோள்கள் என்றார் டீச்சர். அப்போது ஒன்பதுதான் கணக்கு. புளூட்டோவைப் பட்டியலிலிருந்து எடுத்தது எவ்வளவோ பின்னால். "உள்ள இருக்கற நாலும் ஒரு வகை, வெளிய இருக்கற பெரிய நாலும் ஒரு வகை. ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்னா..."

மிஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

மத்தியானம் சாப்பிடும்போது ஷம்ஷாத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் வகுப்புத் தோழி. சேர்ந்த முதல் வாரத்திலேயே, நான் கேட்காமல், காலையில் பஸ் நிற்குமிடத்தில் எனக்காகக் காத்திருக்கத் தொடங்கியவள். அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தேரடி வீதிக்குப் பின்னால் பஞ்சு மெத்தைக் கடை. பல தலைமுறையாக இந்த ஊர்தான்.

"என்னடி வித்தியாசம்?"

"உள்ள இருக்கறது கல்லு. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய். வெளிய இருக்கறது காத்து."

"காத்துன்னா?"

"எனக்கு இன்னாடி தெரியும்? படத்துல எல்லாம் வட்டமாத்தான் இருக்குது. சின்ன வட்டம், பெரிய வட்டம். சனிக்கு மட்டும் சுத்தி ஒரு கோடு."

அன்று ராத்திரி முழுக்க அதே யோசனை. கல்லால் ஒரு உலகம், காற்றால் ஒரு உலகம். படத்தில் இரண்டும் வட்டம்தான் என்றால் அந்தப் படத்தைப் பார்த்து ஷம்ஷாத்துக்குத்தான் என்ன தெரிந்தது?

சனிக்கிழமை விளக்கு

கோள்கள் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்களுக்கு அடி அண்ணாமலையில் கொஞ்சம் நிலம். மணிலா, அதாவது வேர்க்கடலை, போடுவோம்; மழை பெய்த வருஷம் நெல்லும் உண்டு. எனக்கு மூன்று வயதிருக்கும்போது அம்மை போட்டது. அது இறங்கியபோது கண்ணையும் எடுத்துக்கொண்டு இறங்கியது என்று அம்மா சொல்வாள். எனக்கு நினைவிருப்பது வேப்பிலையின் கசந்த வாசனை மட்டும்தான். பார்த்த எதுவும் நினைவில் இல்லை.

யாரோ ஒரு ஜோசியர் அம்மாவிடம், இது சனி செய்த வேலை என்று சொல்லியிருக்கிறார். அன்று முதல் சனிக்கிழமை தவறாமல் அவள் பெரிய கோயிலுக்குப் போய் நவக்கிரகம் சுற்றினாள். எள்ளு முடிந்த துணித்திரியை நல்லெண்ணெயில் நனைத்து விளக்குப் போடுவாள். விடுமுறையில் நான் ஊரிலிருந்தால் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். கல்தரை சூடு, எண்ணெய்ப் பிசுபிசுப்பு, கூட்டத்தின் வேர்வை. அம்மா ஒரே ஒரு வேண்டுதலைத்தான் முணுமுணுப்பாள்: "இதோட விட்டுடுப்பா. இதுக்கு மேல எதையும் எடுக்காத."

கண்ணைத் திருப்பிக் கொடு என்று அவள் கேட்டதே இல்லை. கேட்டால் இருப்பதும் போய்விடும் என்ற பயம் போலும்.

ஆகவே சனி என்றால் எங்கள் வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொல்லும் பெயர். அதே சனி, கால் வைத்தால் நிற்கத் தரையே இல்லாத ஒரு பெரிய காற்றுருண்டை என்று ஷம்ஷாத் வாயால் கேட்டால் ஒரு பெண்ணுக்குத் தூக்கம் வருமா?

"நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?"

மறுநாள் திலகவதி டீச்சரை வராந்தாவில் மடக்கினேன். அவர் செருப்பு இடது காலில் மட்டும் சற்று இழுபடும். அதை வைத்து அவரைக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன்.

"டீச்சர், நான் சயின்ஸ் கிளாசுக்கு வரேன்."

"எச்.எம். டீச்சர் சொல்லிட்டாங்களேம்மா."

"நீங்க சரின்னு சொன்னா அவங்களும் சரின்னுடுவாங்க."

அவர் பெருமூச்சு விட்டார். கையில் விடைத்தாள் கட்டு இருந்திருக்க வேண்டும், காகிதம் சரசரத்தது. "கோமதி, உனக்கு ஆசை இருக்குது, புரியுது. ஆனா கிளாஸ்ல பசங்க ஜாஸ்தி. நான் போர்டுல படம் போட்டுத்தான் நடத்தணும். உனக்குத் தனியா உக்காந்து சொல்ல எனக்கு நேரம் ஏது? இப்ப கோள்கள் நடக்குது. பாக்காம அதை எப்படிப் புரிஞ்சுக்குவ?"

"யுரேனஸை நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?"

"என்ன?"

"நெப்டியூனை? எங்க கிளாஸ்ல யாராச்சும் பாத்திருக்காங்களா? எல்லாரும் யாரோ சொன்னதைக் கேட்டுத்தான தெரிஞ்சுக்கறாங்க. கேக்கறது எனக்கும் வரும் டீச்சர்."

மரியாதை குறைவாகப் பேசிவிட்டோமோ என்று அடுத்த நொடியே தோன்றியது. டீச்சர் விடைத்தாள் கட்டைக் கை மாற்றும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இன்ஸ்பெக்ஷனுக்கு அதிகாரி வராரு. அன்னைக்கு சயின்ஸ் எக்சிபிஷன் வைக்கறோம். நீ ஒரு மேஜை எடுத்துக்கோ. கோள்கள்லாம் என்னென்ன வகைன்னு நீயே செஞ்சு, நீயே சொல்லணும். கேள்வி கேட்டா நீயே பதில் சொல்லணும். நான் பக்கத்துல வர மாட்டேன். அதிகாரிக்குத் திருப்தின்னா நான் எச்.எம்.கிட்டப் பேசறேன்."

"திருப்தி இல்லைன்னா?"

"அதுக்கப்புறம் இதைப் பத்தி என்கிட்டக் கேக்கக் கூடாது."

சரி என்றேன்.

ரேடியோ சொன்னது

எங்கள் வீட்டில் ஒரு பழைய டிரான்சிஸ்டர் இருந்தது. பேட்டரி மூடி உடைந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்போம். சாயங்கால வேளையில் அதில் எப்போதாவது அறிவியல் பேச்சு வரும். அம்மா அடுப்பில் கேழ்வரகுக் களி கிண்டும்போது நான் அதைக் காதோடு வைத்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில்தான் அமெரிக்கர்கள் எப்போதோ அனுப்பிய விண்கலம் ஒன்று யுரேனஸைத் தாண்டிப் போயிருந்தது. ரேடியோவில் ஒருவர் நிதானமாக விளக்கினார். வியாழனும் சனியும் பெரும்பாலும் மிக லேசான வாயுக்களால் ஆனவை. யுரேனஸும் நெப்டியூனும் அப்படியல்ல. வெளியே வாயுப் போர்வை இருந்தாலும், உள்ளே தண்ணீர், அம்மோனியா, மீத்தேன் போன்ற உறையும் பொருள்களே அதிகம். அவற்றைப் பனிக்கட்டி வகை என்றுகூடச் சொல்லலாம் என்றார்.

களிக் கரண்டியின் சத்தத்தை நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் கத்தினேன். அவள் பயந்துபோய் அடுப்பை விட்டு ஓடி வந்தாள்.

அங்கே இருப்பது கடையில் விற்கும் ஐஸ் போலக் கெட்டியானதல்ல, பயங்கரமான அழுத்தத்தில் கொதித்துக் குழம்பிக் கிடப்பது என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: புத்தகத்தில் இரண்டு வகை. ரேடியோவில் மூன்று.

மறுநாள் ஷம்ஷாத்திடம் சொன்னேன். அவள் தயங்கினாள்.

"புத்தகத்துல இல்லாததை வச்சா அதிகாரி தப்புன்னுடுவாருடி. கம்மியா சொன்னாலும் சரியா சொல்லிடலாம். ரெண்டே போதும்."

"மூணுன்னு தெரிஞ்சப்புறம் எப்படி ரெண்டுன்னு சொல்றது?"

"நீ மாட்டிக்கினா நானும் மாட்டிக்குவேன்."

"அப்ப நீ வேணாம்னா விட்டுடு."

அவள் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "வாயை மூடு. ஐஸுக்கு எங்க போறது, அதைச் சொல்லு."

பஞ்சுக் கடையும் ஐஸ் ஃபேக்டரியும்

பூமியை ஒரு நெல்லிக்காய் அளவு என்று வைத்துக்கொண்டோம். மற்றதெல்லாம் அதிலிருந்து கணக்கு. எங்கள் கொல்லையில் ஏர் ஓட்டும்போது மேலே வந்த கற்களை வரப்பில் குவித்திருப்பார்கள். அதில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துப் பொறுக்கினேன். பூமிக்கும் வெள்ளிக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு. செவ்வாய்க்கு அதில் பாதி. புதன் அதைவிடச் சின்னது. சொரசொரப்பான கற்களாகத்தான் எடுத்தேன். கையில் வைத்தால் 'இது தரை' என்று கைக்கே தெரிய வேண்டும்.

வியாழனுக்கு ஷம்ஷாத்தின் கடை. உள்ளே நுழையும் முன்பே பஞ்சு அடிக்கிற வில்லின் சத்தம் கேட்கும். டொய்ங், டொய்ங் என்று அந்த நரம்பு அதிரும்போது கடை முழுக்கப் பஞ்சு பறந்து மூக்கில் ஏறும். அவள் அத்தா வில்லை நிறுத்திவிட்டு, "இன்னாம்மா வேணும்?" என்றார்.

"கை வச்சா உள்ள போகணும் பாய். ஆனா போகப் போக இறுகணும். நடுவுல கெட்டியா இருக்கணும்."

"மெத்தையா, தலகாணியா?"

"வியாழன் அத்தா," என்றாள் ஷம்ஷாத்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலமே செய்துவிட்டார். நடுவில் பழைய பஞ்சை இறுக்கிச் சுற்றி, மேலே மேலே புதிதாக அடித்த பஞ்சைத் தளர்வாக வைத்து, மல்துணியில் போட்டு வாயைத் தைக்காமல் கொடுத்தார். பெரிய பூசணிக்காய் அளவு. நான் கையை உள்ளே விட்டேன். முதலில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. மணிக்கட்டு போனது. அப்புறம் மெல்ல மெல்ல நெருக்கியது. எந்த இடத்தில் காற்று முடிந்து கெட்டி தொடங்கியது என்று சொல்லவே முடியவில்லை.

சுவரின் ஓட்டையில் கேட்காமல் போன அந்த வித்தியாசம் முழுக்க எனக்கு அங்கே புரிந்தது. நிற்கத் தரை இல்லை என்றால் இதுதான்.

சனியையும் அதேபோல் கொஞ்சம் சின்னதாகச் செய்தோம். அதன் வளையத்தை நானே பின்னினேன். விடுதியில் பார்வையற்ற பெண்களுக்கு நாற்காலிப் பிரம்பு பின்னத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த வேலையை நான் வெறுத்தேன். இந்த வளையத்துக்காக ஒரு முறை மட்டும் அதை ஆசையாகச் செய்தேன்.

ஐஸ் ஃபேக்டரி வேலூர் ரோட்டுப் பக்கம் இருந்தது. உள்ளே போனதும் மூக்கைச் சுரீரென்று அடித்தது ஒரு நெடி.

"என்ன நாத்தம் இது?" என்றேன்.

"அமோனியாம்மா. அது இல்லாம மிஷின் குளுராது," என்றார் அங்கே இருந்தவர்.

நான் ஷம்ஷாத்தின் கையை இறுக்கினேன். யுரேனஸில் இருப்பதாக ரேடியோவில் சொன்ன பொருளின் வாசனை! என்னை அந்த இடத்தை விட்டுக் கிளப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எக்சிபிஷன் அன்று காலையில் முழுத் தேங்காய் அளவில் இரண்டு துண்டு ஐஸ் உடைத்து, மரத்தூளில் பொதிந்து, சாக்கில் கட்டித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

புளூட்டோவுக்கு ஒரு மிளகு.

வீட்டுக்குள் சனி

பஞ்சு உருண்டைகளைத் தைத்து முடிக்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா களத்திலிருந்து வந்தாள். அவள் மேல் மணிலாக் கொடியின் பச்சை வாசனை.

"இன்னாடி இது?"

"பெரிசு வியாழன். வளையம் போட்டது சனி."

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சனியைப் போயி வூட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கியே! உனக்கு இன்னா பைத்தியமா? எடுத்துக்கினு போயி வெளிய வை."

"இது பஞ்சும்மா."

"பேரு வச்சிட்டியே!"

நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன். மண் காய்ந்து கரகரவென்றிருந்தது. இழுத்தேன், அவள் இழுபடவில்லை. மறுபடியும் இழுத்தேன். அந்தக் கையைப் பஞ்சின் மேல் வைத்தேன். விரல்கள் விறைத்துக்கொண்டு நின்றன.

"உள்ள விடும்மா. ஒண்ணும் பண்ணாது."

"வேணாண்டி."

"எனக்காக."

மெல்லக் கையை உள்ளே விட்டாள். எவ்வளவு நேரம் வைத்திருந்தாள் என்று தெரியாது. வெளியே மாடு ஒன்று கழுத்து மணியை ஆட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்லியேடி," என்றாள் கடைசியில். பயம் இன்னும் குரலில் இருந்தது. ஆனால் அதோடு வேறு ஏதோவும் இருந்தது. "ராகுவும் கேதுவும் எங்க?"

"அது ரெண்டும் இந்தப் பாடத்துல இல்லம்மா."

"ம்." ஊசியை என்னிடமிருந்து வாங்கினாள். "இன்னா தையல் இது, பஞ்செல்லாம் வெளிய வந்துடும். தள்ளு." உட்கார்ந்து, வியாழனையும் சனியையும் நெருக்கமாகத் தைத்துக் கொடுத்தாள். கை விட்டுப் பார்க்க ஒரு பக்கம் மட்டும் வாய் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் அவள் விளக்குப் போடப் போனாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வழி அவளுக்கு.

கார் வந்த நேரம்

எக்சிபிஷன் அன்று காலை பத்து மணிக்கு அதிகாரி வருவார் என்றார்கள். மேஜையில் எல்லாம் வரிசையாக வைத்தாயிற்று. ஐஸ் மட்டும் சாக்குக்குள். என் பக்கத்து மேஜையில் பத்தாம் வகுப்புப் பெண்கள் எரிமலை வைத்திருந்தார்கள். அது அவ்வப்போது உஸ்ஸென்று பொங்கிக் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

"கார் வந்துடுச்சு!" என்று யாரோ ஓடி வந்து கத்தினார்கள். ஷம்ஷாத் சாக்கைப் பிரித்து, ஐஸைக் கழுவி, இரண்டு எவர்சில்வர் தட்டில் வைத்துவிட்டாள். மரத்தூளைக் கூட்டி வெளியே கொட்டியும் விட்டாள்.

அது யாரோ பெற்றோரின் கார்.

பதினோரு மணி ஆனது. பன்னிரண்டும் ஆனது. நான் தட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தேங்காய் எலுமிச்சம்பழமாகி, எலுமிச்சம்பழம் சுண்டைக்காயாகி, கடைசியில் விரலை வைத்தால் வெறும் குளிர்ந்த தண்ணீர். ஷம்ஷாத் அழ ஆரம்பித்தாள்.

"நான்தாண்டி முந்திரிக்கொட்டை மாதிரி பிரிச்சிட்டேன். ஓடிப் போயி வேற ஐஸ் வாங்கியாந்துடறேன்."

"நீ போய்ட்டு வரதுக்குள்ள வந்துடுவாங்க. என்கூட இரு."

"அப்ப யுரேனஸையும் நெப்டியூனையும் எடுத்துடலாம். கல்லும் பஞ்சும் போதும். புத்தகத்துல இருக்கற மாதிரியே ஆயிடும்."

சுலபமான வழிதான். ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தட்டை எடுத்துக் கொட்டிவிட்டால் கேள்வியும் இல்லை, சண்டையும் இல்லை. விரலை அந்தத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே வெயில் கொளுத்தியது. ஜன்னல் வழியாக அது நேராக என் மேஜை மேல் விழுந்திருந்தது. கையில் சூடு தெரிந்தது.

"தட்டு இருக்கட்டும்," என்றேன்.

அதிகாரி வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது. கனத்த ஷூ சத்தம். கூடவே தலைமையாசிரியை, சற்றுத் தள்ளி இடது செருப்பு இழுபடும் திலகவதி டீச்சர். எரிமலை பொங்கியது, எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு ஷூ சத்தம் என் முன்னால் வந்து நின்றது.

நான் பேசினேன். முதல் வரி தடுமாறியது. கற்களை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்ததும் சரியாகிவிட்டது. வியாழனுக்குள் கை விடச் சொன்னேன். அவர் விட்டார் என்று துணியின் உரசலில் தெரிந்தது.

"இந்தத் தட்டு என்ன, தண்ணி?"

"காலையில ஐஸா இருந்துதுங்க. இதுதான் மூணாவது வகை. யுரேனஸ், நெப்டியூன்."

"புத்தகத்துல ரெண்டு வகைதானே இருக்கு?"

"ரேடியோல மூணுன்னு சொன்னாங்க சார். அந்த ரெண்டுலயும் லேசான வாயு கம்மி. உறையற பொருள் ஜாஸ்தி."

"சரி, ஐஸ்னு சொல்ற. தண்ணியைக் காட்டற."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ஷம்ஷாத்தின் கை என் முதுகுக்குப் பின்னால் பாவாடையைப் பிடித்துக்கொண்டது.

"வெயில் பட்டதுல கரைஞ்சிடுச்சுங்க சார். கல்லும் இதே வெயில்லதான் காலையிலேருந்து இருக்குது. அது கரையல. சூரியன்கிட்ட ஐஸ் நிக்காதுங்க. அதனாலதான் கல்லு உள்ள இருக்குது, இது தூரத்துல இருக்குது."

"இதையும் ரேடியோல சொன்னாங்களா?"

"இல்லைங்க. இது இப்பத் தொட்டுப் பாத்தது."

அவர் தட்டை மெல்ல நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்த மிளகு?" என்றார்.

"புளூட்டோங்க. அது எந்த வகைன்னு எனக்குத் தெரியலைங்க. ரேடியோலயும் சரியாத் தெரியலைன்னுதான் சொன்னாங்க."

"பரீட்சையில மூணு வகைன்னு எழுதினா மார்க் வராதும்மா."

"பரீட்சையில ரெண்டுன்னு எழுதிடறேங்க. யாராச்சும் கேட்டா மூணுன்னு சொல்வேன்."

இந்த முறை சிரித்தது அவர்தான். தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். குரல் அங்கே போனது. "இந்தப் பொண்ணுக்கு சயின்ஸ் யார் எடுக்கறாங்க?"

"இந்தப் பொண்ணுக்கு சயின்ஸ் கிடையாதுங்க சார். அந்த நேரத்துல தையல் ரூம்ல..." தலைமையாசிரியை வாக்கியத்தை முடிக்கவில்லை.

"கிடையாதுன்னா?"

எரிமலைகூட அடங்கியிருந்தது. அப்போது இடது செருப்பு இழுபடும் சத்தம் ஓரடி முன்னால் வந்தது.

"நான் எடுக்கறேன் சார்," என்றார் திலகவதி டீச்சர். "திங்கக்கிழமையிலேருந்து."

பரிசு எரிமலைக்குத்தான் போனது. ஷம்ஷாத் ஒரு வாரம் அந்த எரிமலையைத் திட்டித் தீர்த்தாள். எனக்கு அதைப் பற்றி யோசிக்கவே நேரமில்லை.

திங்கட்கிழமை

சயின்ஸ் மணி அடித்ததும் முதல் பெஞ்சில் ஷம்ஷாத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, பிரெய்ல் எழுதும் சட்டத்தில் தடித்த காகிதத்தைப் பூட்டினேன். டீச்சர் உள்ளே வந்தார். வணக்கம் சொல்லி எல்லாரும் உட்கார்ந்தார்கள். புத்தகம் புரளும் சத்தம் கேட்டது; பிறகு நின்றுவிட்டது.

அறையில் என்னவோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"என்னடி?" என்று ஷம்ஷாத்தின் காதில் கேட்டேன்.

"அடுத்த பாடம்," என்றாள் மெல்ல. "ஒளிடி."

டீச்சர் என் பெஞ்சுக்கு அருகே வந்தார். குரலில் அந்தக் கணீர் இல்லை. "கோமதி, இதை அப்புறம் பாத்துக்கலாமா? வேணும்னா இன்னைக்குக் காந்தம் ஆரம்பிச்சுடறேன். உனக்குக் கையில குடுத்து..."

"வேணாம் டீச்சர்," என்றேன். எழுதும் ஊசியைக் காகிதத்தின் முதல் வரியில் வைத்தேன். "ஒளியே எடுங்க."